எந்தப் படிக்கல்லில் நிறுத்தார்கள்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில், அரபு நாட்டுப் பதின்வயதுப் பிள்ளைகள் சமூக ஊடகத்துக்கு எப்படி அடிமையாகிக் கிடக்கிறார்கள் என்று அரைப்பக்கச் செய்தி வந்திருந்தது. பக்கத்திலேயே கட்டம் கட்டி, உங்கள் பிள்ளை அடிமையா, ஆறே கேள்விகள் என்று போட்டு, கூட்டினால் 19 வந்தால் அடிமை என்று தீர்ப்பும் எழுதியிருந்தீர்கள். செய்தியில் ஒரு சதவீதக் கணக்கு இருந்தது. அதை நான் இங்கே திருப்பி எழுதப் போவதில்லை. எந்த நாட்டுப் பிள்ளைகள், என்ன வயது, எந்தக் கேள்வித்தாள், எத்தனை மதிப்பெண்ணில் கோடு போட்டார்கள் என்று ஒன்றுமே சொல்லாத ஓர் எண்ணை இரண்டாம் தடவையும் அச்சில் ஏற்றுவானேன்.

முதலில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மருமகள் அந்தக் கட்டத்தை வெட்டி எடுத்து, எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தியை உட்காரவைத்துக் கேள்வி கேட்டாள். அவள் 17 வாங்கித் தப்பித்துக்கொண்டாள். அப்புறம் மருமகள் என் பக்கம் திரும்பி, நீங்களும் சொல்லுங்கள் என்று பிடித்துக்கொண்டாள். எனக்கு 21. மகன் தம்மாமில் இருக்கிறான், மகள் கோலாலம்பூரில், தம்பி பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில். சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும் வாட்ஸ்அப்பைத்தான் திறக்கிறேன். அதே நினைப்பாக இருக்கிறீர்களா என்றால் ஆமாம், இருக்கிறேன். போனைப் பிடுங்கினால் தவிப்பீர்களா என்றால் தவிக்காமல் என்ன செய்வேன், மகன் பேசுகிற நேரம் அது. 69 வயதில் உங்கள் பத்திரிகை புண்ணியத்தில் நான் அடிமை.

வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அந்த ஆறு கேள்வியும் எனக்குப் பழக்கமானவை. ஷார்ஜாவில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் 19 வருடம் வேலை பார்த்துவிட்டு 2024-ல் ஊர் திரும்பியவன் நான். மத்ரஸாவில் ஓதிய அரபும் அங்கே போய்ப் பேசிப் பழகிய அரபும் கொஞ்சம் கைவசம் உண்டு. எங்கள் பள்ளியில் எமிராத்திப் பிள்ளைகளைவிட எகிப்து, சிரியா, ஜோர்டான், சூடான் பிள்ளைகள்தான் அதிகம். 2023-ல் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் அனுமதி வாங்கிக்கொண்டு இதே ஆறு கேள்விகளை அரபியில் அச்சடித்துக் கொண்டுவந்தார். பிரதி எடுத்தது, வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்க் கொடுத்தது, திருப்பி வாங்கி அடுக்கியது எல்லாம் நான்தான். அதில் கண்டதை எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இந்தக் கேள்விகளின் பூர்வீகத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விஷயம் புரியாது.

நார்வேயில் பெர்கன் என்று ஓர் ஊர். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இருந்த செசிலி ஆன்ட்ரியாசென்னும் கூட இருந்தவர்களும் 2012-ல் ஃபேஸ்புக் அடிமைத்தனத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் போட்டார்கள். பிற்பாடு ஃபேஸ்புக் என்று இருந்த இடத்தில் சமூக ஊடகம் என்று மாற்றி, 2016 முதல் பெர்கன் சமூக ஊடக அடிமைத்தன அளவுகோல் என்று அது உலகம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதே நினைப்பாக இருப்பது, இன்னும் இன்னும் வேண்டும் என்று தோன்றுவது, கவலையை மறக்க அதற்குள் போவது, குறைக்கப் பார்த்து முடியாமல் போவது, தடுத்தால் தவிப்பது, படிப்போ வேலையோ கெடுவது, இவ்வளவுதான் ஆறும். கடந்த ஒரு வருடத்தில் எவ்வளவு அடிக்கடி என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை போட வேண்டும். ஆகக் குறைவு 6, ஆக அதிகம் 30. குடியோ சூதாட்டமோ எதுவானாலும் அடிமைத்தனத்துக்கு இந்த ஆறு கூறுகள் இருக்கும் என்று பிரிட்டிஷ் உளவியலாளர் மார்க் கிரிஃபித்ஸ் 2005-ல் எழுதிய கட்டுரைதான் இதற்கு அடித்தளம்.

நீங்கள் தீர்ப்புக்கு வைத்துக்கொண்ட 19 எங்கிருந்து வந்தது தெரியுமா? ஹங்கேரியில் 5,961 பதின்வயதுப் பிள்ளைகளிடம் இந்தக் கேள்விகளைக் கொடுத்து, 2017-ல் வெளியிட்ட ஓர் ஆய்விலிருந்து. ஒரே மாதிரி பதில் சொன்ன பிள்ளைகளைக் கணக்குப் போட்டுக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார்கள், எல்லாவற்றிலும் உயரத்தில் நின்ற கூட்டத்தை மற்றவர்களிடமிருந்து பிரிக்க 19 தோதான கோடு என்றார்கள். அந்தக் கணக்கில் ஆபத்தில் இருந்தவர்கள் 4.5 சதவீதம். மருத்துவர் யாரும் பிள்ளையை எதிரே உட்காரவைத்துப் பேசிப் பார்த்து, இவனுக்கு நோய் இருக்கிறது என்று சொல்லி வந்த கோடு அல்ல அது. சீனாவில் 2021-ல் வந்த இன்னோர் ஆய்வு கோடு 24-ல் இருக்க வேண்டும் என்றது. 19-க்கும் 24-க்கும் நடுவே எத்தனை பிள்ளைகள் நிற்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நானும் அங்கேதான் நிற்கிறேன்.

கோடு எங்கே என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இன்னொரு கணக்கு. 32 நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2021-ல் வந்தது. எல்லா அறிகுறியும் இருந்தால்தான் அடிமை என்று கறாராகக் கணக்கிட்ட ஆய்வுகளில் சராசரி 5 சதவீதம். சிலது இருந்தாலே போதும் என்று தாராளமாகக் கணக்கிட்ட ஆய்வுகளில் 25. ஐந்து மடங்கு வித்தியாசம். இந்த மாதிரி ஒரு துறையில், சதவீதத்தை மட்டும் போட்டுவிட்டு எந்தக் கோடு என்று சொல்லாமல் விட்டால், மீன் கிலோ என்ன விலை என்று மட்டும் சொல்லி என்ன மீன் என்று சொல்லாமல் விட்ட கதைதான்.

அதே கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது. குடும்பம், சொந்தபந்தம், ஊர் என்று கூட்டாக வாழும் வழக்கம் மிகுந்த நாடுகளில் 31 சதவீதமும், தனிமனிதப் போக்கு மிகுந்த நாடுகளில் 14 சதவீதமும் வந்ததாம். இதைப் படித்துவிட்டு நம் மாதிரி ஆட்களுக்குத்தான் கட்டுப்பாடு இல்லை என்று முடிவு கட்டலாம். இல்லை, சொந்தபந்தம் நிறைய இருக்கிற ஊரில் ஆறு கேள்விக்கும் ஆமாம் சொல்லக் காரணங்கள் அதிகம் என்றும் பார்க்கலாம். நான் இரண்டாவது கட்சி. அளவுகோலே அங்கே வேறு மாதிரி வேலை செய்கிறதோ என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் மக்களைப் பற்றிப் பேசலாம் என்பது என் எண்ணம்.

இப்போது ஷார்ஜாவுக்கு வருகிறேன்.

முதல் கட்டு தாள்களை மார்ச் மாத ஆரம்பத்தில், ஒன்பதாம் வகுப்பில் கொடுத்தோம். அரபு வலமிருந்து இடமாகப் படிக்கும் மொழி, அது உங்களுக்கே தெரியும். கேள்விகள் வலப்பக்கம் இருந்தன, சரி. ஆனால் பதில் கட்டங்கள் ஆங்கிலத் தாளில் இருந்த வரிசையிலேயே, இடப்பக்க ஓரத்திலிருந்து 1, 2, 3 என்று இருந்தன. கேள்வியைப் படித்துவிட்டு வருகிற கண் முதலில் முட்டுவது 5-இல். பாதிப் பேர் தலைப்பைப் பார்த்துச் சரியாகப் போட்டார்கள். மிச்சப் பேர் முதல் கட்டம்தானே மிகக் குறைவு என்று நினைத்துக்கொண்டு அதில் டிக் அடித்துவிட்டார்கள். போனே வைத்துக்கொள்ளாத ஒரு சிரியாப் பையன் 30-க்கு 30 வாங்கியதைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. அந்த மாணவரிடம் சொன்னேன். பாவம், அவர் முகம் செத்துப்போயிற்று. அடுத்த கட்டைத் திருத்தி அச்சடித்தார். ஆனால் முதல் கட்டை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

அடுத்தது பதில் வார்த்தைகள். ஆங்கிலத்தில் அடிக்கடி, மிக அடிக்கடி என்கிற பொருளில் இருப்பதை அரபியில் காலிபன், காலிபன் ஜித்தன் என்று போட்டிருந்தார்கள். காலிபன் என்றால் வெறும் அடிக்கடி இல்லை, பெரும்பாலும் என்பதற்குப் பக்கத்தில் போகிற சொல். அதற்கு மேல் ஜித்தன் சேர்த்தால் மிகப் பெரும்பாலும் என்கிற மாதிரி ஒரு விநோதம் வருகிறது, எந்தப் பிள்ளையும் வாயால் அப்படிச் சொல்லாது. எனக்குத் தெரிந்து வாரத்தில் நான்கு நாள் ராத்திரி ஒரு மணி வரை ஸ்னாப்சாட்டில் கிடந்த பெண் அஹ்யானன், அதாவது சில சமயம் என்று போட்டாள். கேட்டால், காலிபன் என்று போட்டால் வேறு வேலையே இல்லாதவள் மாதிரி இருக்கிறது என்றாள். ஒரு வார்த்தை கனத்துப்போனால் 4 போட வேண்டியவள் 3 போடுகிறாள். ஆறு கேள்வியிலும் அப்படி நடந்தால் 24 வாங்க வேண்டியவள் 18-இல் நிற்கிறாள்.

மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க ஒரு முறை உண்டு. ஒருவர் ஆங்கிலத்திலிருந்து அரபிக்குப் பெயர்ப்பார், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்புவார், இரண்டையும் ஒப்பிடுவார்கள். நல்ல முறைதான். ஆனால் சொல்லுக்குச் சொல் பெயர்த்த வாக்கியம்தான் இந்தப் பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கும். காலிபன் ஜித்தன் திரும்பிப் போனால் மிக அடிக்கடி என்று அச்சுப் பிசகாமல் போய்ச் சேரும். பிள்ளையின் வாயில் அது எப்படி இருக்கிறது என்பது அந்தப் பரீட்சையில் வராது.

இதைத் தமிழர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. 1959-ல் மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் இரட்டை வழக்கு பற்றிக் கட்டுரை எழுதியபோது எடுத்துக்கொண்ட மொழிகளில் அரபு ஒன்று. எழுத ஃபுஸ்ஹா, பேச ஆம்மிய்யா. நம் செந்தமிழும் பேச்சுத் தமிழும் மாதிரி, இன்னும் கொஞ்சம் தூரம் கூட. கடந்த ஓராண்டில் சமூக ஊடகப் பயன்பாடு தடைசெய்யப்பட்டபோது நீங்கள் அமைதியின்மைக்கு உள்ளானீர்களா என்று என் பேத்தியைக் கேட்டால் பரீட்சை எழுதுகிற முகத்தோடு இல்லை என்பாள். போனைப் புடுங்கி வச்சா கடுப்பாகுதா என்று கேட்டால் உடனே ஆமாம். இரண்டும் ஒரே கேள்விதான். ஃபுஸ்ஹாவில் கேட்டால் அரபுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் குர்ஆன் வகுப்பும் செய்தி வாசிப்பவரும் நினைவுக்கு வருவார்கள், அந்த மொழியில் நல்ல பிள்ளையாகத்தான் பதில் வரும். எங்கள் தாளில் தவிப்புக்கு கலக் என்று போட்டிருந்தார்கள், அது பதற்றம், மனக்கலக்கம் என்கிற பெரிய சொல். போன் கையில் இல்லாத வளைகுடாப் பையன் தன்னைத் தஃப்ஷான் என்பான், எகிப்துப் பையன் ஸஹ்ஆன் என்பான். சலிப்பும் எரிச்சலும் கலந்த ஒன்று. கலக் இருக்கிறதா என்றால் எனக்கென்ன கலக் என்று 1 போட்டுவிட்டுப் போகிறான்.

சரி, பேச்சு மொழியில் எழுதினால் என்ன? எந்தப் பேச்சு மொழி? இப்போது என்கிற சாதாரணச் சொல்லுக்கே எகிப்தில் தில்வக்தி, வளைகுடாவில் அல்ஹீன், சிரியா லெபனான் பக்கம் ஹல்லா, சூடானில் ஹஸ்ஸா, மொராக்கோவில் தாபா. அரபு லீகில் 22 நாடுகள். அரபு பேசும் பதின்வயதினர் என்று நீங்கள் ஒரே வாயில் சொல்லிவிட்டீர்கள். மொராக்கோவின் காசாப்ளாங்காவில் பிரெஞ்சு கலந்து பேசுகிற பையனும் ஓமானின் சலாலாவில் இருக்கிற பையனும் அவரவர் வீட்டுப் பேச்சில் பேசிக்கொண்டால் ஒருவருக்கொருவர் பாதிதான் புரியும். இதில் வேடிக்கை, இந்தப் பிள்ளைகள் போனில் தட்டச்சு செய்வது பல நேரம் அரபு எழுத்திலேயே இல்லை. ஆங்கில எழுத்தில் அரபு எழுதி, ஆங்கிலத்தில் இல்லாத ஒலிகளுக்கு 3, 7 என்று எண்களைப் போட்டுக்கொள்வார்கள். அரபீஸி என்று பெயர். பிள்ளை எந்த மொழியில் அடிமையாகிறதோ அந்த மொழியில் கேள்வி இல்லை.

அடிமைத்தனத்துக்கு அவர்கள் போட்ட சொல் இத்மான். தாளின் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் இருந்தது. நபிமொழியான ஹதீஸ் ஓதியவர்களுக்கு, இத்மானோடு ஒட்டிய முத்மின் என்ற சொல் எங்கே வரும் என்று தெரியும், மதுவை விடாமல் குடிக்கிறவனைச் சொல்லும் இடத்தில். அதே பிள்ளைகள் சிரித்துக்கொண்டே நான் முத்மின் கஹ்வா, காப்பிப் பைத்தியம் என்றும் சொல்வார்கள். வீட்டுக்கு வீடு, ஆளுக்கு ஆள் ஒரு கனம். சொல்லின் கனம் இப்படி ஆடும்போது தலைப்பில் அதைப் போட்டால், ஒரு பிள்ளை பயந்து குறைத்துப் போடும், இன்னொன்று ஜாலிக்குக் கூட்டிப் போடும். தலைப்பை எடுத்துவிட்டுக் கேள்விகளை மட்டும் கொடுங்கள் என்று நான் அந்த மாணவரிடம் சொன்னேன், அனுமதிக் கடிதத்தில் இந்தத் தலைப்புதான் இருக்கிறது, மாற்ற முடியாது என்றார்.

இன்னொரு அளவுகோலும் புழக்கத்தில் இருக்கிறது. நெதர்லாந்தில் 2016-ல் வந்தது, ஒன்பது கேள்வி, ஆம் அல்லது இல்லை, ஐந்து ஆம் வந்தால் கோளாறு. அதில் ஒரு கேள்வி, எவ்வளவு நேரம் செலவழிக்கிறாய் என்பதைப் பற்றிப் பெற்றோரிடமோ நண்பர்களிடமோ பொய் சொன்னதுண்டா என்பது. டச்சு வீட்டில் இது நேரத்தைப் பற்றிய பொய். நான் பார்த்த சில வீடுகளில், எல்லா வீட்டிலும் அல்ல, பெண் பிள்ளைக்கு இன்ஸ்டாகிராம் கணக்கு இருப்பதே வாப்பாவுக்கும் அண்ணனுக்கும் தெரியாது. அவள் வாரத்துக்குப் பத்து நிமிடம் பார்த்தாலும் பொய் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு ஆம் விழுந்துவிட்டது. வீட்டில் இதனால் சண்டை வந்ததா? இன்னொரு ஆம். அளவுகோல் அளந்தது அவளையா, அவள் வீட்டையா?

ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவரும் ஒரே நிலையில் இருந்தால் கேள்விக்கு ஒரே மாதிரி பதில் வருகிறதா என்று தனியாகச் சோதிக்க வழி இருக்கிறது, பொறுப்பான ஆய்வாளர்கள் அதைச் செய்துவிட்டுத்தான் பெண்களுக்கு அதிகம், பையன்களுக்குக் குறைவு என்று வாயைத் திறப்பார்கள். நாட்டுக்கு நாடு ஒப்பிடவும் அதே சோதனை வேண்டும். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஓர் எண்ணை மட்டும் போட்டுவிட்டுக் கருவி நம்பகமானது என்று முடித்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு தராசு மூன்று தடவையும் ஒரே எடை காட்டினால் முள் சரியாக இருக்கிறது, அவ்வளவுதான். படிக்கல் சரியா என்பது வேறு விசாரணை.

இரண்டாவது கட்டு தாள்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது ரமலான் கடைசி வாரம். நோன்பு மாதத்தில் அங்கே பள்ளி நேரம் குறைவு, பிள்ளைகள் ஸஹர் வரை, அதாவது விடியலுக்கு முந்தைய சாப்பாடு வரை, விழித்திருந்துவிட்டு அரைத்தூக்கத்தில் வருவார்கள், ராத்திரி பூராவும் கையில் போன். மார்ச்சில் எழுதிய பிள்ளைகளையும் இவர்களையும் ஒரே குவியலில் போட்டதே தப்பு. ஆனால் நான் சொல்ல வருவது அதுவல்ல. அந்த வருடம் ஏப்ரல் 15-ஆம் தேதி சூடான் தலைநகர் கார்த்தூமில் சண்டை வெடித்தது. இரண்டு மூன்று நாள் கழித்துப் பத்தாம் வகுப்பில் தாளைக் கொடுக்கிறேன். சூடான் பெண் ஒன்று, அதன் பாட்டியும் இரண்டு மாமன்களும் கார்த்தூமில். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு எடுக்காது, குரல் பதிவு அனுப்பிவிட்டு இரண்டு நீல டிக் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எப்போதும் அதே நினைப்பா? 5. இன்னும் இன்னும் பார்க்கத் தோன்றுகிறதா? 5. தடுத்தால் தவிப்பா? 5, அதுவும் பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்தி. படிப்பு கெடுகிறதா? 5. கேள்வியில் கடந்த ஒரு வருடம் என்றுதான் இருக்கிறது. எந்தப் பிள்ளை ஒரு வருடத்தைக் கூட்டிப் பார்த்து எழுதும், அந்த வாரத்தைத்தான் எழுதும். அந்தப் பெண் எத்தனை வாங்கியது என்று நான் கூட்டிப் பார்க்கவில்லை. ஆனால் எங்கோ ஒரு கணினியில் அது கூட்டப்பட்டு, ஒரு சதவீதத்தின் பாகமாகியிருக்கும்.

சிரியா, ஏமன், காஸா, லெபனான் என்று எடுத்துக்கொண்டால் இப்படிப் பிள்ளைகள் எத்தனை லட்சம். ஜோர்டானில் ஸஅதரி அகதி முகாம் 2012-ல் திறந்தது, அதிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் இப்போது பதின்வயதில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், கவலையை மறக்கச் சமூக ஊடகத்துக்குள் போகிறாயா என்று கேட்பதற்கு முதலில் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

போர் இல்லாத இடத்தையும் பாருங்கள். ஜூலை மாதம் ஷார்ஜாவில் 45 டிகிரி. வெளியே விளையாட முடியாது, பையன் வீட்டில்தான் அடைந்து கிடப்பான். எங்கள் பள்ளிப் பையன்கள் ஆகஸ்டில் பார்த்த திரையை ஜனவரியில் பார்ப்பதில்லை, சாயங்காலம் கார்னிஷ் என்கிற நீர்க்கரைச் சாலைப் பக்கம் பந்தும் கையுமாகத் திரிவார்கள்.

நேரத்தை அளந்தால் சுலபம்தானே என்று கேட்பீர்கள். பிள்ளைகள் தாங்களே சொல்கிற நேரமும் கருவியில் பதிவாகிற நேரமும் ஓரளவுக்குத்தான் ஒத்துப்போகின்றன என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் 2021-ல் சொல்லிவிட்டார்கள். கருவியே சொன்னாலும், அந்த நான்கு மணி நேரத்தில் யூடியூபில் கணக்குப் பாடம் எவ்வளவு, சும்மா தள்ளிக்கொண்டு போனது எவ்வளவு என்று யார் பிரிப்பது. வாட்ஸ்அப்பையும் யூடியூபையும் சமூக ஊடகத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்றே எங்கள் தாளில் எழுதவில்லை. வகுப்பில் ஒருவன் கேட்டான், ஆசிரியர் ஒன்று சொன்னார், பக்கத்து வகுப்பு ஆசிரியர் வேறொன்று சொன்னார்.

இவ்வளவும் படித்துவிட்டு, இந்தக் கிழவன் அடிமைத்தனமே கிடையாது என்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள். உண்டு. அதே பத்தாம் வகுப்பில் ஒருவன். ராத்திரி தூங்குவதில்லை, மூன்று மாதத்தில் மதிப்பெண் பாதாளத்துக்குப் போயிற்று, தாய் போனை ஒளித்துவைத்தால் கதவை உதைக்கிறான், அந்த அம்மா அலுவலகத்தில் என் மேசைக்கு முன்னால் நின்று அழுதது. அவன் தாளில் ஆறு கேள்விக்கும் 1. மொத்தம் 6. பெயர் எழுத வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தோம், ஆனால் வரிசைப்படி வாங்கி அடுக்கியதால் எது யாருடைய தாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அது என் தப்பு. வகுப்பு ஆசிரியர் தலைக்கு மேலே நிற்கும்போது, வீட்டுக்குத் தகவல் போகுமோ என்று பயந்து அவன் அப்படிப் போட்டிருப்பான். ஆக, நிஜமாகவே சிக்கலில் இருந்தவனுக்கு 6, பாட்டி உயிரோடு இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு 5 மேல் 5.

உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11-ஆம் பதிப்பில், கேம் விளையாட்டுக் கோளாறு இருக்கிறது. சமூக ஊடக அடிமைத்தனம் அதில் ஒரு நோயாக இல்லை. அதற்காக ஆராய்ச்சியே வேண்டாம் என்று அர்த்தமில்லை. அரபு நாடுகளிலேயே இதைப் பொறுமையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கத்தாரில் ஹமத் பின் கலீஃபா பல்கலைக்கழகத்தில் ரயான் அலி இந்த டிஜிட்டல் அடிமைத்தனத்தைத்தான் ஆராய்கிறார், சவூதியில் தஹ்ரானில் இருக்கும் இத்ரா மையம் டிஜிட்டல் நலத்துக்கென்றே ஒரு திட்டம் நடத்துகிறது. பெர்கன் கேள்விகளை அரபியில் பெயர்த்துச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. அவர்கள் தங்கள் கட்டுரையில் மாதிரி எவ்வளவு, எந்த ஊர், கோடு எங்கே என்று எல்லாம் எழுதத்தான் எழுதுகிறார்கள். பத்திரிகைக்கு வரும்போது அவ்வளவும் உதிர்ந்து சதவீதம் மட்டும் மிஞ்சுகிறது. ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று 2025 டிசம்பரில் சட்டமே நடைமுறைக்கு வந்துவிட்டது, இனி மற்ற நாடுகளும் இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த தடவை இப்படிச் செய்தி வந்தால் எந்த நாடு, எத்தனை பிள்ளைகள், எந்த அளவுகோல், கோடு எத்தனை என்று ஒரே ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். அந்தக் கட்டத்தைப் பற்றி ஒரு திருத்தமும் போடுங்கள், 19 வந்தால் அடிமை என்பது தீர்ப்பு அல்ல, அக்கம்பக்கம் விசாரிக்க ஒரு காரணம் மட்டுமே என்று. மருமகள் அதைக் காந்தம் வைத்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள், என் பெயருக்கு நேரே 21 என்று பேத்தி சிவப்புப் பேனாவில் எழுதியிருக்கிறாள். எடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டேன். பேப்பரிலேயே போட்டிருக்கிறார்களே மாமா என்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
காயல்பட்டினம்.